‘மழை வரலாமா?’ என்று கேட்காதீர்கள்: ஆங்கிலத் துணைவினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் வெளிநாட்டு விருந்தினருக்குப் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டும் நம்மவர்கள், நாளை நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்கும்போது பெரும்பாலும் ‘மே’ என்ற துணைவினையில்தான் தடுமாறுகிறார்கள். “இட் மே ரெயின் டுமாரோ” என்பது பிழையற்ற வாக்கியம்; ஆனால் அதையே திருப்பிப் போட்டு “மே இட் ரெயின் டுமாரோ?” என்று கேட்டால், கேள்வியின் முதலில் நிற்கும் ‘மே’ இன்றைய வழக்கில் “மே ஐ கம் இன்?” என்பதுபோல அனுமதி கேட்பதற்கே உரியது என்பதால், எதிரில் இருப்பவர் குழம்பிப்போவார். தமிழிலும் இதே கதைதான். “மழை வரலாம்” என்கிறோம், “மழை வரலாமா?” என்று மேகத்திடம் அனுமதி கேட்பதில்லை, “மழை வருமா?” என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே ‘குட்’ (could) என்ற துணைவினையைக் கொண்டு “குட் இட் ரெயின் டுமாரோ?” என்றோ “இஸ் இட் லைக்லி டு ரெயின்?” என்றோ கேட்கலாம். “மைட் இட் ரெயின்?” என்பது தவறில்லை, பேச்சில் அரிது. எனக்கு எல்லாவற்றிலும் இயல்பாகப் படுவது “டூ யூ திங்க் இட் மைட் ரெயின்?” என்பதே. ஆனால் ‘டூ யூ திங்க்’ என்பதே கேள்வியாகிவிட்டதால், அதன் பின் ‘மைட் இட்’ என்று மறுபடியும் புரட்டக் கூடாது.

‘கேன்’ பொதுவாக நிகழக்கூடியதைச் சொல்லும்: “காரைக்குடி கேன் பி வெரி ஹாட் இன் ஏப்ரல்.” இன்றிரவு பல்லவன் ரயில் தாமதமாகுமோ என்ற குறிப்பிட்ட ஐயத்துக்கு அது பொருந்தாது, “குட் தி ட்ரெயின் பி லேட் டுநைட்?” என்பதே சரி.

‘குட்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களை வெயிலில் உலர்த்த வேண்டியிருப்பதால், ஐப்பசி மழையில் அவை வெள்ளிக்கிழமைக்குள் ஆயத்தமாகுமா என்று அறிய விரும்புபவர் “குட் யூ ஃபினிஷ் தி டைல்ஸ் பை ஃப்ரைடே?” என்றால், அது முடித்துத் தரும்படி வேண்டுவதாகவே காதில் விழும். கல்லையே எழுவாயாக்கி, “குட் தி டைல்ஸ் பி ரெடி பை ஃப்ரைடே?” என்று கேட்டால் அந்த மயக்கம் வராது. அதற்கு மறுமொழி சொல்பவர், ஆயத்தமாகாமல் போகலாம் என்று கருதினால், “தே மைட் நாட் பி ரெடி” என்றே சொல்ல வேண்டும். “தே குட் நாட் பி ரெடி” என்றால் ஆயத்தமாகவே வழியில்லை என்று பொருள்பட்டு, வாங்க வந்தவர் வேறு பட்டறையைத் தேடிப் போய்விடக்கூடும்.