கண்மாயில் இறங்கும் முன்: முதுநிலை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பரில் தலைப்பு, ஜனவரியில் களப்பணி, ஏப்ரல் கடைசியில் பைண்டிங். முதுநிலை விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் பலருடைய ஆய்வேடு இப்படித்தான் உருவாகிறது. தென் மாவட்டங்களில் அவர்களில் நிறையப் பேர் ஊருக்குப் பக்கத்துக் கண்மாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல தேர்வு, தினமும் போய்வர முடிகிற இடத்தில்தான் கண் பழகும். ஆனால் அந்த நான்கு மாதக் கணக்கிலேயே முதல் தவறு ஒளிந்திருக்கிறது.

நான் திருத்திய ஓர் ஆய்வேட்டின் வரைபடம் இன்னும் நினைவில் நிற்கிறது. பறவைகளின் எண்ணிக்கை ஜனவரியில் உச்சத்தில் இருந்து, ஏப்ரலில் தரையைத் தொட்டிருந்தது. பக்கத்துச் செங்கல் காளவாசலின் புகையே காரணம் என்று முடிவுரை சொன்னது. புகை கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும். அவை வடக்கிலிருந்து வலசை வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகிறவை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய தண்ணீரும் அதற்குள் வடிந்து, தரை வெடிக்கத் தொடங்கிவிடும். காளவாசலே இல்லாத கண்மாயிலும் கோடு அப்படித்தான் இறங்கும். நான்கு மாதத் தரவை வைத்துக்கொண்டு 'அழிந்து வருகிறது' என்று எழுதாதீர்கள். ஒரே காலத்தில் பல கண்மாய்களை ஒப்பிடும் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பல என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய் ஒன்று, மண்டாத கண்மாய் ஒன்று. இரண்டிலும் முப்பது முப்பது மாதிரிக் கட்டங்கள் (உள்ளே இருப்பதை எண்ணுவதற்காக எல்லை குறித்த சிறு சதுரங்கள்) போட்டுவிட்டு அறுபது மாதிரிகள் என்கிறார்கள். ஒரே பானையில் முப்பது கரண்டி எடுத்துச் சுவைத்தாலும் தெரிவது அந்தப் பானையின் உப்பு மட்டும்தான். இரண்டு கண்மாய்களுக்கும் இடையில் ஆழம், மண், மேயும் ஆடுகள் என ஆயிரம் வேறுபாடுகள் இருக்கும்; பழியைச் சீமைக்கருவேலத்தின் மேல் மட்டும் எப்படிப் போடுவது? ஒவ்வொரு வகையிலும் ஐந்து கண்மாய்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆறே கட்டங்கள் போடுங்கள். உழைப்பு ஏறக்குறைய அதேதான். விடைக்கு வலு கூடும்.

அடுத்து, பெயர். கண்மாய்க் கரையில் மழைக்குப் பின் முளைக்கும் கீழாநெல்லியைப் பாருங்கள். இலைக்காம்பின் அடியில் காய் வரிசையாகத் தொங்குகிற செடி எல்லாமே பேச்சில் கீழாநெல்லிதான். மாணவர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, பழைய கட்டுரை ஒன்றிலிருந்து 'பில்லாந்தஸ் நிரூரி' என்று அறிவியல் பெயரையும் சேர்த்துவிடுகிறார். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் கரைகளில் பெரும்பாலும் இருப்பது பில்லாந்தஸ் அமாரஸ். அதன் பூவில் புல்லி இதழ்கள் ஐந்து. அதை அப்படியே ஒத்திருக்கும் பில்லாந்தஸ் ஃபிரேட்டர்னஸில் ஆறு. கைலென்ஸ் பிடித்து எண்ணினால் ஒரு நிமிட வேலை. எண்ணாமல் விட்டால், அந்த ஆய்வேட்டை நம்பி மருந்துக் குணம் தேடுகிறவர் வேறொரு செடியை அரைத்துக்கொண்டிருப்பார். சந்தேகமுள்ள ஒவ்வொரு செடியையும் பூவோடும் காயோடும் அழுத்தி உலர்த்தி எண்ணிட்டு வையுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரத் தொகுப்பின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாதிரி இல்லாத பட்டியலைப் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. வறண்ட கண்மாயில் பாலாமை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஏப்ரலில் மேலே நடந்து பார்த்தவருக்கு அது தெரியாது. எத்தனை நாள், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதையும் எழுதினால்தான் பூஜ்ஜியத்துக்குப் பொருள் உண்டு.

அனுமதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எல்லாக் கண்மாயும் பொது இடம் அல்ல. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி 1977 முதல் பறவைகள் சரணாலயம். அப்படிப்பட்ட இடத்தில் ஆய்வு செய்ய, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

என்னை மிகவும் வருத்தும் தவறு வேறு. 'உள்ளூர்வாசிகளிடம் கேட்டறியப்பட்டது' என்ற ஒற்றை வரியில் ஊரையே கடந்துபோவது. எந்த ஆண்டு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது, எந்த ஆண்டு மடையே திறக்கவில்லை என்று, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவருக்கு எந்த ஆண்டு என்ன குஞ்சு விட்டார்கள், ஜிலேபிக் கெண்டை எப்போது பெருகியது என்று தெரியும். நாரைகளின் வரவை விளக்க இதைவிட நல்ல தரவு வேறெங்கே கிடைக்கும்? சம்மதம் கேட்டு, தேதியிட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிவு செய்யுங்கள். பெயரைக் குறிப்பிடலாமா என்றும் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது ஒரு பிரதி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அவர்கள் பொறுப்பு. உங்கள் பட்டியலைத் தமிழ்ப் பெயர்களோடு இரண்டு பக்கத்தில் எழுதி, அந்தப் பிரதியோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நீர்பாய்ச்சி அங்கே இருந்தால் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போன பறவை ஒன்றை அவர் உடனே சொல்வார்.