கைக்குட்டையைக் கீழே போடுவது எப்படி

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் ஆங்கிலம் எடுத்தேன். ஆண்டுவிழா நாடகமும் என் தலையில்தான் விடியும். இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் போன் போட்டு, "மேடம், ஒதெல்லோ போடலாம்னு இருக்கோம், எங்கேருந்து ஆரம்பிக்க?" என்று கேட்கிறார்கள். கைக்குட்டையிலிருந்து என்பேன். ஷேக்ஸ்பியர் நாடகம் அது. கறுப்பினப் படைத்தலைவன் ஒதெல்லோவிடம், அவன் மனைவி டெஸ்டிமோனாவுக்கும் துணைத்தளபதி கேசியோவுக்கும் தொடர்பு என்று கீழே வேலை பார்க்கும் இயாகோ பொய்யாக ஓதிவிடுவான். அதற்குச் சாட்சியாக அவன் பிடித்துக்கொள்வது ஒதெல்லோ அவளுக்குக் கொடுத்த கைக்குட்டையை.

முழு நாடகத்துக்கு ஆசைப்படாதீர்கள். மூன்றாம் அங்கத்தில் மூன்றாவது, நான்காவது காட்சிகளை எடுத்து, நாற்பது நிமிஷத்துக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் 'பொறாமை' என்ற சொல்லே வர வேண்டாம். பக்கத்து வீட்டில் புது வளையல் வாங்கினால் வருவது பொறாமை. ஒதெல்லோவுக்கு வந்ததை நம் ஊரில் சந்தேகம் என்போம். அந்தச் சொல்லைச் சொன்னதுமே பிள்ளைகளுக்கு முகம் மாறும். ஆளாளுக்கு ஒரு சித்தப்பாவைத் தெரிந்திருக்கும்.

முதல் வாரம் ஆங்கிலப் புத்தகத்தை மூடி வையுங்கள். கேசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுப் போவதைப் பார்த்து இயாகோ, "இது எனக்குப் பிடிக்கலை" என்று முணுமுணுப்பான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்டால் மழுப்புவான். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை ஒருத்தி இதைத் தன் பேச்சில் இப்படிச் செய்தாள்: "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, விடுங்க. கேசியோவா? சேச்சே, அவரா இருக்காது. உங்களக் கண்டதும் திருட்டு முழி முழிச்சிக்கிட்டு அவர் ஏன் நழுவப் போறாரு?" அந்த 'விடுங்க'வில்தான் விஷம் இருக்கிறது. அது பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்குப் போனால், அர்த்தம் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையே இல்லை.

நான் முதல் தடவை போட்டபோது இயாகோ மீசையை முறுக்கி, கண்ணை உருட்டி, சினிமா வில்லன் மாதிரி சிரித்தாள். தப்பு என்மேல்தான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நாடகத்தில் எல்லோரும் இயாகோவை யோக்கியன் யோக்கியன் என்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கும் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று தோன்ற வேண்டும்.

அப்புறம் ஒரு வரி. "பெத்த அப்பனையே ஏமாத்திட்டு உங்களக் கட்டிக்கிட்டவதான அவ" என்று இயாகோ போகிற போக்கில் சொல்வான். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்தவள் டெஸ்டிமோனா. அவள் அப்பாவே முதல் அங்கத்தில் இதைச் சொல்லி ஒதெல்லோவை எச்சரித்திருப்பார். இந்த வரிக்கு நம் பக்கத்தில் விளக்கவுரை தேவையில்லை. நான் போட்ட மூன்று தடவையும் இந்த இடத்தில் அரங்கம் அடங்கிப்போனது. வரியை அழுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, ஒதெல்லோவுக்குக் கறுப்பு மை பூசாதீர்கள். அசிங்கம். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு யாருக்கு யார் மை பூசுவது?

பொம்பளைப் பிள்ளை ஒதெல்லோவா என்று யாராவது இழுத்தால், 1604-ல் அரண்மனையில் இந்த நாடகம் நடந்தபோது டெஸ்டிமோனாவாக நின்றது ஒரு பையன் என்று சொல்லுங்கள். லண்டன் மேடையில் அந்த வேஷத்தை ஒரு பெண் போட 1660 டிசம்பர் வரை ஆயிற்று.

சரி, கைக்குட்டை. தலை வலிக்கிறது என்பான் ஒதெல்லோ. அவள் நெற்றியில் கட்ட வருவாள். "இது சின்னது" என்று தட்டிவிடுவான். விழும். "கிடக்கட்டும் விடு" என்பதும் அவனேதான். பிற்பாடு எதைக் காணோம் என்று உயிரை எடுக்கிறானோ, அதைத் தானே தட்டிவிட்டது அவனுக்கு நினைவே இருக்காது. அதனால் தட்டும்போது அவன் கண் துணியில் படக் கூடாது. அவள் கண் அவன் முகத்தை விட்டு நகரக் கூடாது. இருவரும் உள்ளே போன பிறகு துணி மட்டும் மேடையில் கிடக்கட்டும். ஐந்து எண்ணும்வரை யாரும் வர வேண்டாம்.

அளவு ஒன்றரைச் சாண் போதும். பெரிதானால் 'சின்னது' என்ற வசனம் சிரிப்பாகிவிடும். ஒரு வருஷம் மின்விசிறிக் காற்றில் எங்கள் கைக்குட்டை பறந்துபோய் முதல் வரிசை விருந்தினர் மடியில் விழுந்தது. அவர் மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு துன்பியல் முடிந்தது. அடுத்த தடவை வலையில் கட்டுகிற ஈயக்குண்டில் சின்னதாக இரண்டை ஓரத்தில் வைத்துத் தைத்தோம். துணியில் ஸ்ட்ராபெரி பூவேலை இருக்க வேண்டும். தைத்த பிள்ளை அந்தப் பழத்தைப் பார்த்ததில்லை, கோவைப்பழம் போட்டுவிட்டாள். கடைசி வரிசைக்கும் பளிச்சென்று தெரிந்தது. விட்டுவிட்டேன்.

நேரம் இருந்தால் இதற்கு முன்னால் ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' என்ற சிரிப்பு நாடகத்தில் பத்து நிமிஷம் போடுங்கள். அங்கேயும் இதே கதைதான்: கட்டிக்கொள்ளப் போகிறவளைச் சந்தேகப்பட்டு, கோயிலில் வைத்தே கேவலப்படுத்துகிறான் கிளாடியோ. ஆனால் சதி செய்தவனை முந்தின ராத்திரியே காவல்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அதைச் சொல்ல வந்த காவல்காரர் தலைவன் டாக்பெரி வளவளவென்று சுற்றிச் சுற்றிப் பேச, கல்யாண அவசரத்தில் பெண்ணின் அப்பா அவனை அனுப்பிவிடுவார். உண்மை கையில் சிக்கிவிட்டது என்று நமக்குத் தெரிவதால் சிரிக்க முடிகிறது. அவருடைய 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தின் பக்கம் போகாதீர்கள். அதில் மனைவியைச் சந்தேகப்படும் ராஜா லியான்டிஸுக்கு ஓதிவிட ஒரு இயாகோ கிடையாது, சந்தேகம் தானே முளைக்கும். இரண்டு தடவை முயன்றேன், நிற்கவில்லை.

ஒதெல்லோவில் உண்மையைக் கையில் வைத்திருப்பவள் டெஸ்டிமோனாவின் பணிப்பெண் எமிலியா. கைக்குட்டையை எடுத்துப் புருஷன் இயாகோவிடம் கொடுத்தவள் அவள்தான். நான்காவது காட்சி தொடங்கியதும், "அதை எங்கே தொலைச்சேன் எமிலியா?" என்று டெஸ்டிமோனா கேட்பாள். "தெரியலைம்மா" என்பாள். உங்களிடம் இருப்பதிலேயே நல்ல நடிகைக்கு இந்த வேஷத்தைக் கொடுங்கள். ஒதெல்லோவுக்குக் குரல் இருந்தால் போதும். பதில் சொன்ன பிறகு எமிலியா வாயைத் திறக்கப் போகிற மாதிரி மூன்று எண்ணும்வரை நிற்கட்டும்.

கடைசியாக நாங்கள் போட்ட வருஷம், அந்த மூன்றாவது எண்ணில் பின்வரிசையிலிருந்து, நாற்காலி எடுத்துப்போட வந்த ஆச்சி ஒருத்தி கத்திவிட்டாள்: "ஏட்டி, சொல்லித் தொலையேன்ட்டி!"

யாரும் சிரிக்கவில்லை. எமிலியா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொல்லிக்கொடுக்காதது அது.