ரெண்டாவது பெட்டியை மாட்டும் முன்

பேஸ் கிட்டார் ஆம்ப்பில் இன்னொரு கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, சேர்க்கப் போகிறீர்களா? முதலில் பெட்டியின் பின்பக்கம் ஓம் (மின்தடை அளவு) கணக்கைப் பாருங்கள். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம். 4 ஓம் இரண்டு என்றால் 2 ஓம். ஆம்ப்பில் ‘குறைந்தது 4 ஓம்’ என்றிருந்தால் அந்த ஜோடி வேண்டாம், சூடேறிப் பாதிப் பாட்டில் அணைந்துவிடலாம். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடவே கூடாது. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மெலிசு.

மேடையில் நம் வாசிப்பு நமக்கே கேட்காதபோது கை தானாக பேஸ் குமிழுக்குத்தான் போகும். வருஷக்கணக்கில் நானும் அதையேதான் திருகினேன். அதைக் குறைத்து, மிட்டை (நடுத்தர ஒலி) 400 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரியும். பெட்டி மூலையில் ஒட்டியிருந்தால் கும்மென்று இரையும், கொஞ்சம் முன்னால் இழுத்துவிடுங்கள்.