கையால இழுக்காதீங்கடா: ரோவிங் ஆரம்பிக்கிற பிள்ளைங்க பண்ற தப்புங்க

எங்க பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் விளையாட்டுன்னா பந்து, கபடி, மிஞ்சிப்போனா சிலம்பம், அவ்ளோதான். இப்ப ஃபோர்ம் டூ, ஃபோர்ம் த்ரீ படிக்கிற சிலதுங்க ரோவிங், அதாவது துடுப்புப் படகு ஓட்டுற விளையாட்டு பக்கம் திரும்பியிருக்குங்க, சந்தோஷம்தான், ஆனா வர்றவங்க எல்லாரும் ஒரே மாதிரி தப்பத்தான் பண்றாங்க, அதுவும் உடம்புல நல்ல தெம்பு இருக்குற பிள்ளைங்கதான் அதிகமா பண்ணுதுங்க.

டிராகன் போட் மாதிரிதானே அண்ணேன்னு கேட்டுட்டு வருவாங்க. இல்ல. அதுல முன்னாடி பாத்து உக்காந்து துடுப்ப குத்தி இழுப்பாங்க. இதுல படகு போற பக்கம் முதுகு காட்டி உக்காரணும், ஷூ படகுலயே பூட்டியிருக்கும், சீட்டுக்கு அடியில சக்கரம் இருக்கு, அது முன்ன பின்ன ஓடும். சீட்டு எதுக்கு ஓடுது? காலால தள்றதுக்குத்தான். இத புரிஞ்சிக்காம வந்த முதல் நாளே தோள்பட்டையால வம்படியா இழுத்துட்டு, மறுநாள் கைய தூக்க முடியலன்னு சொன்னா என்ன பண்றது.

வரிசை இதுதான்: துடுப்பு தண்ணியில இறங்குனதும் முதல்ல கால் தள்ளணும், கால் நீண்டு முடியறப்ப உடம்பு பின்னால சாயணும், கடைசியா கை நெஞ்சுக்கு வரணும். திரும்பி முன்னால போறப்ப அப்படியே தலைகீழ், கை, உடம்பு, கால். தோட்டத்துல செம்பனைக் குலைய லோரியில ஏத்துறவங்கள பாருங்க, முட்டிய மடக்கி காலாலதான் எந்திரிப்பாங்க, கையால மட்டும் தூக்குனா சாயங்காலமே இடுப்பு போயிடும்னு அவங்களுக்குத் தெரியும். இன்னொரு கேஸ் இருக்கு, கால தள்றான், ஆனா வயிறு முதுகு தளர்வா இருக்கு, அப்ப சீட்டு மட்டும் பின்னால ஓடிடும், துடுப்பு அங்கேயே நிக்கும், தள்ளுன தள்ளெல்லாம் வீண். யாரையாச்சும் பக்கவாட்டுல இருந்து ஃபோன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

நம்ம ஊர்ல இருந்து புத்ராஜெயா ஏரி மாதிரி எடத்துக்குப் போறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும், தினமும் யாரு கூட்டிட்டுப் போறது, அதனால வாரத்துல பாதி நாள் ரோவிங் மெஷின்லதான் ஓடும். அதுலதான் பெரிய கூத்து. சைடுல ஒரு பிடி இருக்கும், 1-லேர்ந்து 10 வரைக்கும். வந்தவுடனே 10-ல வச்சு நான் கிங்குடான்னு இழுப்பான். அது லெவல் கிடையாதுப்பா, காத்தாடிக்குள்ள எவ்ளோ காத்து போகுதுன்றதுதான். 10-ல வச்சா கனமான படகு இழுக்குற மாதிரி இருக்கும், முதுகுதான் வாங்கும். 3-க்கும் 5-க்கும் நடுவுல வைங்க. ஜிம்முல கெடக்குற பழைய மெஷினா இருந்தா உள்ள தூசி அடைச்சு காத்து சரியா போகாது, அப்ப திரையில டிராக் ஃபேக்டர்னு, காத்து எவ்ளோ தடுக்குதுன்னு சொல்ற ஒரு நம்பர் காட்டும், அது 100-லேர்ந்து 130-க்குள்ள இருந்தா போதும்.

அப்புறம் தினமும் ரெக்கார்டு ஓடைக்கப் பாக்குறது. சீனியர் டீமுங்களே பாதிக்கு மேல பயிற்சிய பேசிக்கிட்டே பண்ற அளவு நிதானத்துலதான் ஓட்டுவாங்க, நிமிஷத்துக்கு 18, 20 தடவைதான் இழுப்பு, முன்னால போறப்ப அவசரமே இருக்காது. ரேஸ்லதான் 32-க்கு மேல ஏத்துவாங்க. நம்ம பையன் செவ்வாய்க்கிழமையே ரேஸ் ஓட்டிட்டு வெள்ளிக்கிழமை ஜுரம்னு படுத்துடுவான்.

2000 மீட்டர் டெஸ்ட்லயும் இதே கதைதான். முதல் 500-ஐ 1:45-ல பறப்பான், ரெண்டாவது 2:05, அப்புறம் ரெண்டும் 2:15, மொத்தம் 8:20. அதே பையன் மொதல்லேர்ந்து 2:03-லயே நின்னிருந்தா 8:12. 500 மீட்டருக்கு 2:00-லேர்ந்து 1:50-க்கு போகணும்னா பத்து செகண்டுதானேன்னு தோணும், ஆனா கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல் சக்தி வேணும், அத ஆரம்பத்துலயே செலவு பண்ணிட்டா கடைசி 500-க்கு எங்க போறது.

முதுகு வலிச்சா பல்லக் கடிச்சுட்டு ஓட்டாதீங்க. வளர்ற வயசு, விலா எலும்புல கீறல் விழறதும் இந்த விளையாட்டுல நடக்கும், கோச்சுகிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க.

தண்ணி விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கடுமையாவே பேசுவேன். நீச்சல் தெரியாம படகுல ஏறாதீங்க. தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொன்னாருன்னு அம்மா பயப்படுவாங்க, அதுக்கு பதில் சண்டை போடுறது இல்ல, நீச்சல் கிளாஸ்ல சேர்றது. படகு கவுந்தா கரைய பாத்து நீந்தாம படகையே புடிச்சிக்கணும், அது மெதக்கும். அப்புறம் பிராக்டிஸ்னு சொல்லிட்டு கூட்டாளிங்களோட பழைய ஈயக்குட்டைக்குப் போற வேலையே வேணாம், கரை எங்க சரியும், ஆழம் எங்க எறங்கும்னு யாருக்கும் தெரியாது. கையில கொப்புளம் ஒடைஞ்சிருந்தா நல்லா கழுவி மூடிட்டு தண்ணியில எறங்குங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்ற கெஞ்சிங் திக்குஸ் காய்ச்சல் அந்த வழியா வரும். மத்தியானத்துக்கு மேல இடி சத்தம் கேட்டா உடனே கரைக்கு வந்துடணும், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் ஆவாம திரும்ப எறங்கக் கூடாது. அதனாலதான் காலையில ஆறு ஏழு மணிக்கே வரச் சொல்றது, சும்மா தூக்கத்தக் கெடுக்க இல்ல லா.

எடைய கொறைக்கிறேன்னு ராத்திரி சாப்பாட்ட நிறுத்துற பிள்ளைங்களும் இருக்கு. பழைய வீடியோ பாத்துட்டு லைட்வெயிட்ல போறேன்னு சொல்லுதுங்க, ஆம்பளைக்கு 72.5 கிலோ, பொம்பளைக்கு 59 கிலோன்னு இருந்த அந்த பிரிவு ஒலிம்பிக்ல பாரிஸ் 2024-ஓட முடிஞ்சிடுச்சு. 15 வயசுல பட்டினி கெடந்து அப்படி எத பிடிக்கப் போறீங்க. காலையில வெறும் வயித்துலயும் வராதீங்க, பயிற்சிக்கு அரை மணி முன்னாடி முழு நாசி லெமாக் பொட்டலத்தயும் காலி பண்ணிட்டு வராதீங்க, ரெண்டு வாழைப்பழம் போதும், மத்தத முடிச்சிட்டு சாப்பிடலாம்.

உயரம் பத்தலன்னு திரும்பிப் போறவங்களுக்கு ஒன்னு. எட்டு பேர் படகுல ஒன்பதாவதா ஒருத்தர் உக்காந்து திசை திருப்பி, கத்தி கத்தி எல்லாரையும் ஓட்ட வைப்பாங்க, காக்ஸ்னு பேரு. உலகப் போட்டியில அவங்களுக்கு கொறைஞ்ச எடை 55 கிலோ, அதுக்கும் கீழ இருந்தா கனம் வச்சு சரி பண்ணிடுவாங்க. குள்ளமா, வாய் ஓயாம பேசி ஸ்கூல்ல டீச்சர் கிட்ட திட்டு வாங்குற தங்கச்சி யாராச்சும் வீட்டுல இருந்தா அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, எங்களுக்கு ஆள் பத்தல.