கொறங்காட்டில் சாம்பல் தலை வானம்பாடியைப் பார்ப்பது எப்படி?

பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், அந்தப் பழக்கம் உதவாது. சாம்பல் தலை வானம்பாடி தரையில் வாழ்கிற பறவை. வெள்வேல மரத்தில் தேடினால் கழுத்துதான் வலிக்கும்.

காட்டைச் சரியாகத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. கிளுவை வேலிக்கு ஒரு பக்கம் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். மறுபக்கம் ஆடுமாடு மேய்ந்து மண் தெரியும். மேய்ந்த பக்கத்தில் பாருங்கள். நடந்து நடந்து இரை பொறுக்குகிற குட்டைக்கால் பறவைக்கு உயரப் புல் இடைஞ்சல். அறுவடை முடிந்த சோளக்காடும் உழுது போட்ட புழுதிக்காடும் நல்ல இடங்களே. சீமைக் கருவேலம் அடைத்த நிலத்துக்குப் போகாதீர்கள். தரிசு என்று சொல்லி மரக்கன்றுகளை நெருக்கி நட்டாலும் இந்தப் பறவைக்கு அதே கேடுதான். சொன்னால் நட்டவர்களுக்குக் கோபம் வருகிறது.

காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். திறந்த படலைச் சாத்துங்கள். வெயில் ஏறுமுன் வேலியோரம் உட்கார்ந்துவிட வேண்டும். சிட்டுக்குருவியை விடச் சற்றே சிறியது. ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், கன்னம் வெளுப்பு, கண் வழியே கறுப்புக் கோடு, தாடையிலிருந்து வயிறுவரை கறுப்பு. பெண் மண் நிறம், அசைந்தால்தான் தெரியும். ஆளைக் கண்டால் உடனே பறக்காமல் பதுங்கும் என்பதால் பைனாகுலரை அவசரப்பட்டு இறக்காதீர்கள்.

அலகு தடித்தது, விதை உடைக்கத் தோதானது. உதிர்ந்த புல் விதையும் சிறு பூச்சியும்தான் உணவு. குஞ்சுக்குப் பூச்சியாகவே கொண்டு போகும். பிடித்த பூச்சியை விழுங்காமல் அலகில் வைத்திருந்தால் அருகில் கூடு இருக்கிறது. ஓரடிகூட எடுத்து வைக்காதீர்கள். மண்கட்டி அல்லது புல் குத்தின் ஓரத்தில் ஒரு சிறு குழி, விளிம்பில் பொடிக்கற்கள், அவ்வளவுதான் கூடு. போட்டோவுக்காக அதை நெருங்குகிறவர்களை நான் மறுமுறை கூட்டிப் போவதில்லை.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிறகடித்து மேலேறும், தலைகீழாகப் பாயும், மறுபடி ஏறும். இப்படிப் படிப்படியாக இறங்கும். பாயும்போது நீண்ட சீழ்க்கை கேட்கும். வேலியின் மேல் உட்கார்ந்து பாடிவிட்டு, எழும்பி, காலைத் தொங்கவிட்டு மிதந்து இறங்கினால் அது வேறு வானம்பாடி. குறிப்பேட்டில் தனியாக எழுதுங்கள்.