நாற்காலிப் படம் வாங்குமுன் காலைப் பாருங்கள்

வரவேற்பறையில் மாட்டப் பழைய பிரெஞ்சு நாற்காலிப் படம் எதையாவது பிரிண்டாக வாங்கப் போகிறீர்களா? தங்கப் பூச்சில் மயங்காமல், முதலில் நாற்காலியின் காலைப் பாருங்கள். கால் வளைந்து நெளிந்து, சிப்பி வேலைப்பாட்டோடு இருந்தால் பிரெஞ்சு மன்னர் 15-ஆம் லூயி காலத்துப் பாணி. நேராக இறங்கி, கீழே ஒடுங்கி, நீளவாக்கில் வரிப்பள்ளம் ஓடினால் 16-ஆம் லூயி. விற்பவர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் போடுவதும் உண்டு, உஷார்!

மெத்தைத் துணியில் தேனீ தெரிந்தால் பெரும்பாலும் நெப்போலியன் சமாச்சாரம். 1804-இல் பேரரசரானவர், இந்த லூயிகளின் வம்சமான பூர்போன் மன்னர்களின் சின்னமாக இருந்த லில்லிப் பூவை ஒதுக்கிவிட்டுத் தேனீயைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டார். பண்டைய மன்னர் சில்டெரிக்கின் கல்லறையில் 1653-இல் கிடைத்த பொன் தேனீக்கள்தான் முன்மாதிரி. பூர்போன்களுக்கும் முந்தைய பரம்பரையோடு ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியம்! லில்லிப் படமும் தேனீப் படமும் கிடைத்தால் எதிரெதிர்ச் சுவரில் மாட்டுங்கள், விருந்தாளியிடம் சொல்லக் கதை கிடைக்கும்.