வடசென்னை மாணவரை ஆராய்ச்சிக்கு அனுப்ப

வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்கு ஆராய்ச்சியும் சம்பளமுள்ள வேலைதான் என்பதை யாரும் சொல்வதில்லை. முதலில் அதைச் சொல்லுங்கள், வீட்டாரை வைத்துக்கொண்டு. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால், 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். டிகிரி முடித்ததும் வேலைக்குப் போகச் சொல்லும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரிந்தாக வேண்டும்.

இரண்டாம் ஆண்டிலேயே இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வையுங்கள். இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. இங்கே கவிழ்வது மதிப்பெண்ணால் மட்டுமல்ல. பேராசிரியரின் பரிந்துரை நேரத்துக்குப் போய்ச் சேராமலும் கைநழுவும். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே அவரை நேரில் பாருங்கள்.

விண்ணப்பக் குறிப்பில் "அறிவியலில் ஆர்வம் அதிகம்" என்று எழுத விடாதீர்கள். "எண்ணூர் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்த இடத்து மட்டியின் ஓட்டில் என்ன உலோகங்கள் சேர்கின்றன?" என்று கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். இப்படிக் கேட்க அந்தப் பிள்ளைக்கு மற்றவரைவிடத் தகுதி அதிகம்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு, பிப்ரவரியில். கடைசி ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். எஸ்சி, எஸ்டி மாணவருக்கும் பெண்களுக்கும் கட்டணம் குறைவு.

சான்றிதழில் கவனம். மீனவப் பிள்ளைகள் வைத்திருக்கும் எம்பிசி சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய ஓபிசி சான்றிதழைத் தனியாக, நடப்பு நிதியாண்டுத் தேதியில் வாங்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.